ரன்-ஃப்ளாட் டயரா, சாதாரண டயரா? கடலூர்–புதுச்சேரிச் சாலையை வைத்து ஒரு கணக்கு

எங்கள் வீட்டுக் காருக்கு இந்த ஆண்டு நான்கு டயர்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அது ஒரு ஜெர்மன் செடான். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ரன்-ஃப்ளாட் டயரோடு வந்த வண்டி என்பதால் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. மறுபடியும் அதே வகை டயரைப் போடுவதா, சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறி ஸ்டெப்னி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதா என்று விசாரிக்கத் தொடங்கியதும் ஆளுக்கொரு பதில் வந்தது. சென்னையில் இருக்கும் நண்பர்கள், கம்பெனி எதைப் போட்டுக் கொடுத்ததோ அதையே போடுங்கள் என்றார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் அதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களோ முதல் வேலையாக ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிவிடுங்கள் என்றார்கள். இரண்டு தரப்பும் அவரவர் ஊரில் நின்றுகொண்டு சரியாகத்தான் பேசுகிறார்கள் என்பது விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது புரிந்தது. இதே கேள்வியோடு இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ரன்-ஃப்ளாட் என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று போய்விட்டால் பக்கச்சுவர் மடிந்து, ரிம் அதன்மேல் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு சிறிது தூரம் உருட்டினாலே டயர் நார்நாராகக் கிழிந்துவிடும். ரன்-ஃப்ளாட் டயரில் அந்தப் பக்கச்சுவரின் உள்பக்கம் கெட்டியான, வெப்பம் தாங்கும் ரப்பரால் தடிப்பாக்கப்பட்டிருக்கும். காற்று முழுவதும் இறங்கிய பிறகும் அந்தச் சுவரே எடையைத் தாங்கிக்கொண்டு, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் வரை வண்டியை ஓட்டிச் செல்ல விடும். டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவாமலிருக்க, இத்தகைய கார்களின் ரிம்மிலும் சற்று உயர்ந்த மேடு வைத்து வார்த்திருப்பார்கள்.

இது நேற்று வந்த தொழில்நுட்பமும் இல்லை. அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே கார்வெட் ரன்-ஃப்ளாட் டயருடன் ஸ்டெப்னியே இல்லாமல் விற்பனைக்கு வந்தது. 2000-க்குப் பிறகு பிஎம்டபிள்யூ தன் பெரும்பாலான மாடல்களில் இதைப் புகுத்தியதால்தான் நம் ஊர்ச் சாலைகளிலும் இது கண்ணில் படுகிறது. உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று டயரின் பக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் 'ஆர்எஃப்டி', மிஷலின் என்றால் 'இசட்பி', கான்டினென்டல் என்றால் 'எஸ்எஸ்ஆர்', குட்இயர் என்றால் 'ஆர்ஓஎஃப்' என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு எழுத்துகள் இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் நான்கு சக்கரங்களிலும் இதைப் பார்த்துவிடுவது அவசியம். இரண்டு சக்கரத்தில் ஒரு வகையும் மற்ற இரண்டில் வேறு வகையுமாக ஓடும் வண்டிகள் சந்தையில் உண்டு.

கடலூர் முதுநகர்ப் பக்கம் நெடுங்காலமாக டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசப் போனேன். அவர் பதில் சொல்வதற்கு முன் உள்ளே போய், கழற்றிப் போட்டிருந்த ஒரு ரன்-ஃப்ளாட் டயரை உருட்டிக்கொண்டு வந்தார். மேலே கட்டை, அதாவது சாலையில் உரசும் பகுதி, பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. ஆணி ஏறிய துளை ஒன்று நடுவில் சிறியதாகத் தெரிந்தது. "வெளியில பார்த்தா நல்ல டயரு தம்பி. உள்ள கைய விட்டுப் பாருங்க" என்றார். உள்சுவரைத் தடவியபோது விரல்களில் கருப்பாக மாவு போன்ற ரப்பர் தூள் ஒட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வளையமாகத் தேய்ந்து, அங்கங்கே மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. காற்று இல்லாமல் ஓடும்போது சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுவரை மடக்கி நிமிர்த்துகிறது. அந்த மடக்கலில் பிறக்கும் வெப்பம் ரப்பரை உள்ளிருந்தே பொடியாக்குகிறது. துளையை அடைத்துக் காற்றை நிரப்பினால் டயர் நிற்கும். ஆனால் சுவரின் பலம் போய்விட்டது. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டைப் பழுதுபார்த்து மீண்டும் மாட்ட வேண்டாம் என்று பல டயர் நிறுவனங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். உள்ளே எவ்வளவு சேதம் என்பது வெளியிலிருந்து தெரியாது என்பதோடு, எவ்வளவு தூரம், எந்தச் சுமையோடு அப்படி ஓடியது என்பதும் பஞ்சர் ஒட்டுகிறவருக்குத் தெரியாது. சாதாரண டயரில் ஆணி ஏறியது உடனே தெரிந்து வண்டியை நிறுத்திவிட்டால், கட்டைப் பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு மிகாத துளையை உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் எனும் காளான் வடிவ ரப்பர் ஒட்டு வைத்துச் சரிசெய்து, அந்த டயரின் ஆயுள் முழுவதும் நிம்மதியாக ஓட்டலாம்.

இனி அந்த 80 கிலோமீட்டர் நம் பகுதியில் என்ன பொருள் தருகிறது என்று பார்க்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். விழுப்புரமும் திண்டிவனமும் ஏறக்குறைய 40. மரக்காணம் அதற்கும் குறைவு. சிதம்பரம் 70-க்குள் அடங்கிவிடும். எனவே இந்த வட்டாரத்தில் எந்த இடத்தில் டயர் காற்றை இழந்தாலும், ரன்-ஃப்ளாட் வைத்திருப்பவர் நடுவழியில் நிற்காமல் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கு வடக்கே உப்பளங்களுக்கு நடுவில் இரவு பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இந்த 80 என்பது ஓர் அளவுகோல்தான். சுமை கூடினால் தூரம் குறையும். பழைய பிஎம்டபிள்யூ கையேடுகளில், நான்கு பேரும் சாமான்களும் ஏறியிருந்தால் 50 கிலோமீட்டர்தான் என்று அச்சிட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் தார் கொதிக்கும் நேரத்தில், குடும்பத்தோடும் பெட்டிகளோடும் போகும்போது அந்தச் சிறிய எண்ணையே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன என்பதில்தான் எங்கள் விசாரணை திசை மாறியது. அந்த டயரை இனி நம்ப முடியாது, புதியது வேண்டும். எங்கள் காருக்கு வேண்டிய 225/50 ஆர்17 அளவில் சாதாரண டயர் கேட்டபோது, கடலூரில் மறுநாளே தருவதாகச் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு கடையில் கையிருப்பே இருந்தது. அதே அளவில் ரன்-ஃப்ளாட் கேட்டதும் எல்லாக் கடைகளிலும் ஒரே பதில்: சென்னையில் சொல்லி வரவழைக்க வேண்டும். சென்னையில் இல்லாவிட்டால் இன்னும் தாமதமாகும். வண்டி அதுவரை வீட்டு வாசலில்தான் நிற்கும். விலையும் கணிசமாக அதிகம். போதாக்குறைக்கு, கெட்டியான பக்கச்சுவரை ரிம்மிலிருந்து கழற்ற உதவிக் கை பொருத்திய மெஷின் வேண்டும்; அது இல்லாத கடையில் கடப்பாரை போட்டு நெம்பினால் அலாய் ரிம்மின் விளிம்பும் டயருக்குள்ளே இருக்கும் காற்றழுத்தச் சென்சாரும் அடிபடும். பஞ்சரான அன்றைய இரவை ரன்-ஃப்ளாட் காப்பாற்றிக் கொடுக்கிறது என்பது உண்மை. அடுத்த சில நாட்களுக்கு அதனால் வரும் தவிப்பு, பெருநகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத அளவுக்கு நமக்குப் பெரியது.

அடுத்தது சாலை. ரன்-ஃப்ளாட்டின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்காது. பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியில் ஒரு பகுதியை டயர் வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் அனுப்பிவிடும். தவளக்குப்பத்துக்கும் கன்னியகோயிலுக்கும் இடையில் ஒரே சாலையில் இரண்டு வகை டயருள்ள வண்டிகளை ஓட்டிப் பார்த்தால் இடுப்புக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். நாகப்பட்டினம் வரை செல்லும் நான்குவழிச் சாலையில் புதுப் பகுதிகள் வழவழப்பாக இருக்கின்றன. அங்கே எந்த டயரும் ஒன்றுதான். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் வேகத்தடையும் ஒட்டுப்போட்ட தாரும் தோண்டி மூடிய குழாய்ப் பள்ளமும் வரிசையாக வருகின்றன. மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த பிறகு, சாலை எங்கே பெயர்ந்திருக்கிறது என்பது சக்கரம் இறங்கும்வரை தெரியாமல் இருந்தது. அப்படித் தண்ணீருக்கடியில் இருக்கும் பள்ளத்தின் கூர்விளிம்பில் மோதினால் சாதாரண டயரின் பக்கச்சுவர் புடைத்துக்கொள்ளலாம், ரன்-ஃப்ளாட் உள்ள வண்டியில் ரிம் பெண்டாகலாம் அல்லது விரிசல் விடலாம். டயர் போனால் டயரோடு போகும். அலாய் ரிம் போனால் செலவு அதற்கும் மேல். ஒட்டுப்போட்டு வெல்டிங் வைத்த ரிம்மை நெடுஞ்சாலை வேகத்தில் நான் நம்ப மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாரும் ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அக்கா மகப்பேறு மருத்துவர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில்; பணி புதுச்சேரியில். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். அவருடைய காரிலும் இதே கேள்வி வந்தபோது, நான் சாதாரண டயருக்குச் சொன்ன நியாயங்களை முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரிதான்டா. பாதி ராத்திரியில முருங்கப்பாக்கம் தாண்டி நான் ஜாக்கி போட்டுக்கிட்டு உட்கார முடியுமா? அங்க ஒருத்தி வலியில படுத்திருப்பா" என்றார். அதற்கு மேல் வாதாட எதுவும் இல்லை. ஜெர்மன் கார்களில் சக்கரத்தை நட்டால் மாட்டுவதில்லை, போல்ட்டால் மாட்டுகிறார்கள். ஊன்றி நிற்கும் கம்பி இல்லாததால் கனமான சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, துளைக்குத் துளை நேர்ப்படுத்தி, மறு கையால் முதல் போல்ட்டைத் திருக வேண்டும். பகலில், சமதளத்தில், பழகியவருக்கே சிரமமான வேலை. லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலை ஓரத்தில், இருட்டில், சேலையோடு ஒருவர் அதைச் செய்ய வேண்டும் என்று நினைப்பதே தவறு. நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. ஆனால் உதவி வந்து சேரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும், பிரசவம் காத்திருக்காது. வேகமாகப் போகும்போது திடீரென்று காற்று முழுவதும் இறங்கினாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடாமல் ஸ்டியரிங் கையில் நிற்பதும் ரன்-ஃப்ளாட்டின் பெரிய பலம். முதியவர்கள், உடல்நலக் குறைவு உள்ளவர்கள், இரவில் தனியே நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு, கரடுமுரடான ஓட்டத்தையும் கூடுதல் செலவையும் பொறுத்துக்கொள்வதற்கு இந்தக் காரணங்களே போதும்.

இரண்டுக்கும் நடுவில் வேறு வழிகளும் உண்டு. கட்டைப் பகுதியின் உள்பக்கம் பிசுபிசுப்பான பசையைப் பூசி விற்கும் டயர்கள் ஒரு வகை. ஆணி ஏறினால் அந்தப் பசையே துளையை மூடிக்கொள்ளும். கான்டினென்டலின் 'கான்டிசீல்' 5 மில்லிமீட்டர் வரையிலான துளையை அடைக்கும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஓட்டம் சாதாரண டயரைப் போலவே மென்மையாக இருக்கும். ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, பல புதிய கார்களோடு வரும் பஞ்சர் கிட்: ஒரு பாட்டில் திரவமும் சிறிய காற்றடிக்கும் மோட்டாரும். 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் காரில் டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் இந்தக் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால் ஸ்டெப்னி இல்லாத கார்கள் பெருகி வருகின்றன. ஆணித் துளைக்கு இந்தத் திரவம் உதவும். கல் கிழித்த பக்கச்சுவருக்கு உதவாது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. டிக்கியில் வருடக்கணக்காக வெந்துகொண்டிருக்கும் அந்தப் பாட்டிலை எடுத்துத் தேதியைப் பார்த்தவர்கள் என் நட்பு வட்டத்தில் மிகக் குறைவு. தயவுசெய்து இன்றே ஒருமுறை பாருங்கள்.

காற்றழுத்த எச்சரிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரன்-ஃப்ளாட்டில் காற்று இறங்கினாலும் டயர் சப்பையாகத் தெரியாது. ஓட்டுகிறவருக்கும் உடனே உறைக்காது. எனவே எச்சரிக்கை அமைப்பு இல்லாத காரில் ரன்-ஃப்ளாட்டை மாட்டவே கூடாது. இந்த அமைப்பிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். மற்றொன்று, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சாரை வைத்து, எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கும். காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சிறுத்து, அது அதிகம் சுற்றும் என்பதே அதன் தர்க்கம். நான்கு டயரிலும் மெல்ல மெல்ல ஒரே அளவில் காற்று குறைந்தால் இரண்டாம் வகைக்குத் தெரியாது. காற்றுப் பிடித்தபின் அதை ரீசெட் செய்யாவிட்டால் தவறான அளவையே சரி என்று வைத்துக்கொள்ளும். எந்த டயர் போட்டாலும், வண்டி சூடாவதற்கு முன், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைப் பார்க்கும் பழக்கத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. வெடிக்கிற டயர்களில் பெரும்பாலானவை காற்றுக் குறைவோடும் அதிகச் சுமையோடும் வேகமாக ஓட்டப்பட்டவை.

சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். ஓர் அச்சில் ஒரு பக்கம் கெட்டியான சுவரும் மறுபக்கம் இளகிய சுவரும் இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அளவோடு சுமைக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் ஒப்பிடுங்கள். எங்கள் காருக்கு 94 டபிள்யூ, அதாவது ஒரு டயருக்கு 670 கிலோ சுமை, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்துக்கான தகுதி. விலை குறைகிறது என்று அதற்குக் கீழே இறங்கக் கூடாது. ரன்-ஃப்ளாட்டுக்கான மேடு உள்ள ரிம்மில் சாதாரண டயர் தாராளமாக உட்காரும். மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுவது பின்னால் வரக்கூடிய கேள்விகளைத் தவிர்க்கும். டயரில் அச்சிட்ட கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடைக்காரர் கொண்டுவந்ததும் அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்டெப்னியை மாட்டும்போது தேவைப்படும் பூட்டுப் போல்ட்டின் சாவி காரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய காரில் முதலில் காணாமல் போகும் பொருள் அது.

எங்கள் காருக்குச் சாதாரண டயர்களையே போட்டோம். பெரும்பாலும் பகலில் ஓடும் வண்டி. எப்போதும் கூட ஒருவர் இருப்பார். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் பஞ்சர் கடை இல்லாத ஊரே கிடையாது. டிக்கியில் மெல்லிய ஸ்டெப்னி ஒன்றும், நல்ல ஜாக்கியும், நீளமான கைப்பிடியுள்ள ஸ்பேனரும், சிவப்பு முக்கோணமும் வைத்திருக்கிறோம். அந்த மெல்லிய ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், மற்ற சக்கரங்களைப் போல 32, 33 என்று விட்டுவிடக் கூடாது. அதை மாட்டிக்கொண்டும் 80-க்கு மேல் போகக் கூடாது. ஓட்டம் இதமாகிவிட்டது என்று பின்சீட்டில் உட்காரும் அம்மாவே சொன்னார்.

அக்காவின் காருக்கு மீண்டும் ரன்-ஃப்ளாட். ஆனால் நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து வாங்கி வீட்டிலேயே வைத்துவிட்டோம். இரவில் பஞ்சரானால் ஓட்டிக்கொண்டே வீடு வந்துவிடலாம். காலையில் அந்த ஐந்தாவது டயரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம். அதே அச்சில் மறுபக்கத்துக்குத் தேய்மானம் ஒத்த இணை வேண்டுமானால் சென்னையிலிருந்து நிதானமாக வரவழைக்கலாம். அந்த டயரை மாடிப்படிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். முதலில் தண்ணீர் மோட்டார் அறையில்தான் இடம் இருந்தது. மோட்டார் ஓடும்போது உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும் என்பதால் அங்கே வைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரைச் சற்று உருட்டி வைக்கும் வேலையை அக்கா மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.